தாமதமாக வரும் சுண்டுவிரல்

போன வாரம் கேம்ப் ரோட்டில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல்லோடு எனக்கு நெடுநாள் தகராறு. டோக்கன் பதினொன்று. எனக்கு முன்னால் நான்கு பேர், நான்கு பேரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு ஜப்பானிய அனிமேஷன் தொடர். யாரும் அதைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ரிட்டயர் ஆனதிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று ஒரு வீம்பு.

தற்செயலாகத்தான் கண் போனது. திரையில் ஒரு கை. முகம் இல்லை, கை மட்டும். அந்தக் கை அசைந்த விதத்தைப் பார்த்ததும் எழுந்து டி.வி.க்கு நேர் கீழே போய் நின்றுவிட்டேன். "ஆன்ட்டி, உங்க டோக்கன் இன்னும் வரல, உக்காருங்க" என்று ரிசப்ஷன் பெண் சொன்னாள். காதில் விழுந்தது, உட்காரத் தோன்றவில்லை.

அந்தக் கையை வரைந்தவரை எனக்குத் தெரியும். பெயர் தெரியாது. முகம் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனால் அவருக்கு நான் ஒரு தீங்கு செய்திருக்கிறேன். அவர் இருக்கிறாரா, இன்னும் வரைகிறாரா என்பது தெரியாமலே வேலையை விட்டு வந்தவள் நான். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் வேலை பார்த்தது பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்தைப் பார்த்த மாதிரி ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இப்போது அங்கே ஜிம் நடக்கிறது. வேலை என்னவென்று சொன்னால் எங்கள் வீட்டிலேயே பாதிப் பேருக்குப் புரியாது. ஜப்பானில் ஒருவர் ஓர் அசைவின் முக்கியமான படங்களை மட்டும் வரைவார். கை மேசைமேல் இருக்கிறது, அது ஒரு படம். கை கன்னத்தில் இருக்கிறது, அது இன்னொரு படம். இவற்றைக் கீ படங்கள் என்போம். மேசையிலிருந்து கன்னத்துக்குக் கை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று நடுவே உள்ள படங்களை வரைவது எங்கள் வேலை. அதோடு அவர் வரைந்த கீ படத்தையும் புதுத் தாளின் அடியில் வைத்து, சுத்தமான ஒற்றைக் கோடாக நகலெடுக்க வேண்டும். கோடு எங்கேயும் விட்டுப்போகக் கூடாது, விட்டால் கம்ப்யூட்டரில் வண்ணம் கசிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானியக் கலைஞரின் கைவண்ணம் என்று உலகம் திரையில் பார்த்ததெல்லாம் பள்ளிக்கரணைப் பெண்கள் போட்ட கோடு. அவர் உண்மையில் போட்ட பென்சில் கோட்டைப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

பயிற்சிக் காலம் மூன்று மாதம். ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு, காம்பஸ் இல்லாமல் வட்டம். மணிக்கட்டு வீங்கியது, வீக்கம் வடிந்தது, பயிற்சி முடிந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திரைச்சீலைகளை எப்போதும் இழுத்து விட்டிருப்பார்கள். பகல் பதினோரு மணிக்கே உள்ளே சாயங்காலமாக இருக்கும். ஆளுக்கொரு லைட் பாக்ஸ், கண்ணாடிக்கு அடியில் விளக்கு. குனிந்த முகங்கள் எல்லாம் கீழேயிருந்து வெளிச்சம் வாங்கி மிதந்துகொண்டிருக்கும். பேச்சுச் சத்தம் இருக்காது, தாள் புரளும் சத்தம் மட்டும்தான். நான்கு மணிக்குக் கண்ணுக்கு ஓய்வு என்று பத்து நிமிடம் திரைச்சீலையைத் திறப்பார்கள். வெளியே தண்ணீரில் கூழைக்கடாக்கள் நிற்கும். ஒன்று கிளம்பினால் தண்ணீர்மேல் நாலு எட்டு ஓடிவிட்டுத்தான் பறக்கும். ஓடுவதற்கு எத்தனை படம், எழும்புவதற்கு எத்தனை படம் என்று என் மனம் தானாக எண்ணும். திரைச்சீலையை மூடிய பிறகும் அந்தப் பறவை உள்ளே பறந்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

கீ படங்கள் பழுப்பு நிறக் கவர்களில் வரும். கவருக்கு ஒரு எண், உள்ளே படங்கள், எந்தப் படம் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று கட்டம் போட்ட தாள். வரைந்தவர் பெயர் இருந்தாலும் எங்களால் படிக்க முடியாது. ஆனால் ஒரு வருடத்திலேயே கவரைத் திறந்ததும் ஆளைத் தெரிந்துவிடும். அவர்களுக்கு நானே பெயர் வைத்தேன். ஒருவர் காற்றுக்காரர். ஜன்னல் சாத்திய அறையில்கூட அவர் வரைந்த பெண்களின் முடி லேசாக ஆடும், எங்கிருந்தோ அவருக்கு மட்டும் காற்று வரும். ஒருவர் கணக்கு வாத்தியார். பானை உடைந்தால் ஒவ்வொரு சில்லும் எங்கே போய் விழுகிறது என்று கடைசிவரை வரைவார். இன்னொருவர் அவசரக்காரர். இந்தப் பக்கம் நிற்கிற ஆள் அடுத்த படத்தில் அந்தப் பக்கம் நிற்பான், நடுவில் ஒரே ஒரு படம். அதில் உடம்பு பரோட்டா மாவு மாதிரி இழுபட்டிருக்கும். தனியாகப் பார்த்தால் சிரிப்பு வரும். ஓட்டிப் பார்த்தால் அந்த ஆளின் கோபம் நம் மேலேயே வந்து மோதும்.

நான்காவது ஆள் சுண்டுவிரல். அவர் வரைந்த யாரும் எதைப் பிடித்தாலும், அது கோப்பையோ குடையோ பஸ் கம்பியோ, மற்ற விரல்கள் போய் உட்கார்ந்து ஒரு படம் கழித்துத்தான் சுண்டுவிரல் வந்து சேரும். கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வருகிற ஆளைப் போல. முதல் தடவை நான் அதைத் தவறு என்று நினைத்து எல்லா விரலையும் ஒன்றாகச் சேர்த்து வரைந்து கொடுத்தேன்.

"மறுபடி புரட்டுங்கம்மா" என்றார் மோசஸ் சார்.

மோசஸ் சார் எங்கள் செக்கர். நாங்கள் வரைந்ததெல்லாம் அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. சட்டைக் கை தாளில் உரசிப் பென்சிலைக் கலைக்கக் கூடாது என்று முழங்கைக்குக் கீழே ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். படங்களை வாங்கினால் முதலில் லேசாக ஊதுவார். பிறகு இடது கை விரல் இடுக்குகளில் தாள்களைச் சொருகிக்கொண்டு புரட்டுவார். தாளில் அசைவு உயிர்பெற்று ஓடும். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு புரட்டுவார், சத்தத்தை மட்டும் கேட்பதற்கு. யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு என்று சொல்லவும் மாட்டார். தப்பாக இருந்தால் "மறுபடி புரட்டுங்கம்மா." சரியாக இருந்தால் பேசாமல் வைத்துக்கொள்வார். ரொம்பப் பிடித்துப்போனால் மட்டும் "அனுப்பிடலாம்" என்பார். வருடத்துக்கு மூன்று அனுப்பிடலாம் வாங்கியவள் அந்தக் கூடத்தில் கொஞ்சம் தலைக்கனத்தோடு நடக்கலாம்.

மறுபடி புரட்டினேன். என் படத்தில் யாரோ ஒரு பெண் கோப்பையை எடுத்தாள். சுண்டுவிரலின் படத்தில் எடுத்தவள் களைத்துப்போன பெண். அந்த ஒரு விரலில் அவள் நாள் முழுக்கச் செய்த வேலை தெரிந்தது. அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சேலையூர்வரை கம்பியைப் பிடித்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டு போனேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ, சுண்டுவிரல் தாமதமாக வருகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

அப்புறம் ஐந்து வருடம் அவர் கவர் வந்தால் அது என் மேசைக்குத்தான் வரும். வேறு யாரிடமும் கொடுக்க விடமாட்டேன். அவர் கோடு ஒரே இழுப்பு. பென்சில் தாளைத் தொட்ட இடத்தில் சின்ன அழுத்தம், பிறகு மெலிந்து மெலிந்து முடிகிற இடம் தெரியாமல் முடியும். குளிர்காலத்துக் கவர்களில் சில சமயம் ஆரஞ்சுத் தோல் வாசனை வரும். உரித்துத் தின்றுகொண்டே வரைவார் போல. பக்கத்து மேசை ராணி பெரும்பாக்கத்துக்காரி, அவள் வாய்க்கு நான்தான் தீனி. "யக்கா, உன் ஆளு கவர் வந்துகீது, பவுடர் போட்டுகினு வா" என்பாள். நான் முறைப்பேன். ஆனால் அவள் சொன்னது பொய் இல்லை. முகம் தெரியாத ஒருவரின் கையை அத்தனை பிரியமாகப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கவர் ஒரு மழைநாளில் வந்தது. திறந்தேன்.

இரண்டு கைகள் ஒரு குழந்தையின் மழைக்கோட்டுக்குப் பொத்தான் போடுகின்றன. மூன்று பொத்தான். யார் முகமும் படத்தில் இல்லை. நாலரை விநாடி. சுண்டுவிரல் தாமதமாகத்தான் வந்தது, ஆகவே அவர்தான். ஆனால் கோடு அவருடையது இல்லை. விட்டுவிட்டு, உதறி உதறி, ஒரே விளிம்புக்கு மூன்று கோடு. எந்தக் கீ படத்திலும் நேரான கோடு என்று ஒன்று இல்லை.

ராணி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, உன் ஆளு கையி இப்டி நடுங்குது? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

எனக்கும் அதேதான் தோன்றியது. கடைசித் தாளின் ஓரத்தில், சின்ன எழுத்தில், மெல்லிய பென்சிலில் இரண்டு வரி எழுதியிருந்தார். அந்த எழுத்து ஒரு மூலையில் ஒதுங்கி, கூசிக்கொண்டு நின்ற மாதிரி எனக்குப் பட்டது. கை சரியில்லை, மன்னியுங்கள் என்று எழுதியிருப்பார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. படத்தில் ஜப்பானிய எழுத்தில் குறிப்பு இருந்தால் மஞ்சள் கிளிப் போட்டு பத்மா மேடம் தட்டில் வைக்க வேண்டும். பத்மா மேடம் எங்கள் மொழிபெயர்ப்பாளர், செவ்வாயும் வெள்ளியும் தாம்பரத்திலிருந்து வருவார். அவர் படித்து, தமிழில் எழுதி, சத்தமாகவும் ஒரு தடவை வாசிப்பார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வரைந்தவர் கை நடுங்குகிறது என்பதைக் கூடமே கேட்க வேண்டுமா? ராணி அதை வைத்து ஒரு வாரம் பேச வேண்டுமா? நாளைக்கு ஜப்பானிலேயே யாராவது இந்தத் தாளைப் பார்த்து, இவருக்கு வயதாகிவிட்டது என்று வேலையை நிறுத்திவிட்டால்?

ரப்பரை எடுத்து அந்த இரண்டு வரியையும் அழித்தேன். துகளை ஊதிவிட்டேன்.

அப்புறம் இரண்டு நாள் அந்த வேலையைச் செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல கோடு நான் போட்டதில்லை. நடுங்கிய ஒவ்வொரு விளிம்பையும், அவர் உடம்பு நன்றாக இருந்தால் எப்படி இழுத்திருப்பாரோ அப்படியே இழுத்தேன். தொட்ட இடத்தில் அழுத்தம், போகப் போக மெலிவு. ஐந்து வருடம் பார்த்த கை, எனக்குத் தெரியாதா? மழை பெய்துகொண்டே இருந்தது. லைட் பாக்ஸ் வெளிச்சத்தில் அவர் கைமேல் என் கையை வைத்து நடத்திக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பானேன்.

மோசஸ் சார் ஊதினார், புரட்டினார், கண்ணை மூடிக்கொண்டு புரட்டினார். "நோட் ஒண்ணும் இல்லியாம்மா? இந்த மனுஷன் எப்பவும் ஒரு வரியாவது எழுதுவாரே."

"இல்ல சார்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கவர்மேல் கையெழுத்துப் போட்டார். "அனுப்பிடலாம்" என்றார்.

எங்கள் படங்களை ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவோம். கீ படங்கள் மட்டும் ஒரு மாதம் எங்கள் அலமாரியில் இருந்துவிட்டுத் திரும்பிப் போகும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஜப்பானிலிருந்து ஒரு மெயில் வந்தது. அந்தப் பகுதி ஒளிபரப்பாகிவிட்டது, இனித் திருத்த நேரமில்லை, ஆனாலும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: ஓரத்திலிருந்த குறிப்பை நீங்கள் பார்க்கவில்லையா?

மோசஸ் சார் அலமாரியைத் திறந்து அந்தக் கவரை எடுத்தார். கடைசித் தாளை லைட் பாக்ஸில் வைக்கவில்லை. கையில் தூக்கி, வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்தார். பென்சிலை அழிக்கலாம், பென்சில் அழுத்திய பள்ளத்தை அழிக்க முடியாது. அந்த இரண்டு வரியும் நிழலாகத் தெரிந்தது. பத்மா மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மெதுவாகப் படித்தார்.

"கோட்டை சுத்தம் பண்ண வேண்டாம். நடுக்கத்தை அப்படியே எடுங்க. அவளுக்கு இப்பதான் செய்தி வந்திருக்கு. குழந்தைக்குத் தெரியக் கூடாது."

 ராணி பென்சிலைக் கீழே வைத்தாள்.

கதை எங்களுக்குத் தெரியாது. ஒரு பகுதியில் முந்நூறு கவர் இருந்தால் எங்களுக்கு நாற்பது வரும், அதுவும் முன்னும் பின்னுமாக. அந்தக் கைகள் ஒரு தாயின் கைகள் என்பதும், சற்றுமுன் அவளுக்கு ஏதோ ஒரு துயரச் செய்தி வந்திருக்கிறது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் துக்கத்தைக் காட்ட முகத்தையே வரையாமல், வசனம் வைக்காமல், அவர் தன் கோட்டை மட்டும் நடுங்கவிட்டிருந்தார். நான் அதைத் துடைத்து வழவழவென்று ஆக்கிவிட்டேன். டி.வி.யில் அந்தத் தாய் எந்தக் கவலையும் இல்லாமல் மூன்று பொத்தானையும் போட்டுவிட்டுப் போயிருப்பாள்.

இதில் மூளை இல்லாதது அல்ல, பிரியம் இல்லாததும் அல்ல கோளாறு. ஒருவரை முழுக்கத் தெரியும் என்கிற திமிர்தான் கோளாறு. அந்தக் கை வேண்டுமென்றே வேறு மாதிரி வரையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவமானத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மோசஸ் சார் பதில் எழுதினார். செக்கர் என்ற முறையில் பார்க்கத் தவறியது நான், மன்னிக்கவும் என்று நான்கே வரி. மூன்றாம் நாள் அவர் மேசைக்குப் போனேன்.

"சார், நான்தான் அழிச்சேன்."

"தெரியும்மா."

"அப்ப ஏன் சார் உங்க பேர்ல எழுதினீங்க?"

"கவர்ல இருக்கிறது என் கையெழுத்துதானே." சட்டைக் கையின் ரப்பர் பேண்டைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். "நீங்க இல்லன்னு சொன்னப்பவே எனக்கு சந்தேகம். ஆனா கோடு அவ்ளோ நல்லா இருந்துச்சு. நானும் அதுல மயங்கிட்டேன். நல்லா இருக்கா, அவரோடதா இருக்கா, ரெண்டையும் பாக்கணும். நான் ஒண்ணத்தான் பாத்தேன்."

என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அழுதுவிட்டேன். அவர் புரட்டுவதற்கு அடுத்த கவரை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கீ படங்கள் திரும்பிப் போகும்போது உள்ளே ஒரு கடிதம் வைத்தேன். தமிழில் நான் எழுதியதைப் பத்மா மேடம் ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுத்தார். உங்கள் குறிப்பை அழித்தது செக்கர் இல்லை, நான். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று பயந்துவிட்டேன். உங்கள் சுண்டுவிரலை எனக்குத் தெரியும். அவ்வளவுதான் கடிதம். அப்படி எழுத எங்களுக்கு அனுமதி கிடையாது. மோசஸ் சார் கவரைச் சரிபார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், அதை உள்ளேயே வைத்து ஒட்டினார்.

பதில் வரவில்லை. அதற்குப் பிறகு சுண்டுவிரலின் கவர் ஒன்றுகூட எங்களுக்கு வரவில்லை.

கோபத்தில் வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டாரோ, இல்லை, உண்மையிலேயே உடம்பு முடியாமல்தான் இருந்தாரோ? அவர் கடைசியாக வரைந்தது அந்தப் பொத்தான்தான் என்றால், அதை உலகம் பார்க்காமல் செய்தவள் நான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, மின்சார ரயில் குரோம்பேட்டையில் நிற்கும்போது, காரணமில்லாமல் இந்த நினைப்பு வந்து நெஞ்சில் உட்காரும். காகிதம் போய்க் கம்ப்யூட்டர் பேனா வந்தது. மோசஸ் சார் ஓய்வு பெற்றார், அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். நானும் மறுபடி புரட்டுங்கம்மா என்று சொன்னேன். எந்தக் குறிப்பையும் படிக்காமல் ஒரு கவரையும் வெளியே விட்டதில்லை. அனுப்பிடலாம் என்ற சொல்லை மட்டும் நான் சொன்னதே இல்லை. அது அவருடையது.

பல் டாக்டரின் டி.வி.க்கு வருகிறேன்.

திரையில் ஒரு கை துணிப் பொட்டலம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு டப்பா போலிருந்தது. முடிச்சு விழவில்லை, அவிழ்ந்தது, மறுபடி கட்டியது. இரண்டு முனையையும் விரல்கள் பிடித்தன. எல்லாம் வந்து, ஒரு படம் கழித்து, சுண்டுவிரல் வந்தது.

கோட்டை யாரும் சுத்தம் செய்திருக்கவில்லை. பென்சில் கோடு அப்படியே, ஒரு விளிம்புக்கு மூன்று கோடாக, உதறிக்கொண்டு திரையில் ஓடியது. இப்போதெல்லாம் அப்படியே விட முடிகிறது, கம்ப்யூட்டரில் அதற்கு வழி வந்துவிட்டது. ஆனால் நடுங்கியது கதையில் வரும் அந்த ஆளின் கை மட்டும்தான். நடுவே ஓர் இடத்தில், துணியின் மடிப்பில், அவருடைய பழைய ஒற்றை இழுப்பு ஒன்று இருந்தது. தொட்ட இடத்தில் அழுத்தம், முடிகிற இடம் தெரியாத முடிவு. கை திடமாகத்தான் இருக்கிறது. வேண்டும் என்றபோது நடுங்க வைக்கிறார். அன்றைக்கும் அப்படித்தான் செய்திருக்கிறார்.

என் கடிதத்துக்கு அது பதில் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அவர் அந்தக் கடிதத்தைப் பார்த்தாரோ என்னவோ. ஆனால் இருக்கிறார், வரைகிறார். அங்கேயே நின்று போனை எடுத்தேன். மோசஸ் சார் ராஜகீழ்ப்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம்.

"சார், சுகந்தி பேசுறேன்."

"சொல்லுங்கம்மா."

"சுண்டுவிரல் வந்திருக்கார் சார். டி.வி.ல."

யார், என்ன என்று அவர் கேட்கவில்லை. 

"கோடு எப்படி இருக்கு?"

"நடுங்குது சார். பென்சில் அப்படியே தெரியுது."

"யாரும் கை வெக்கலியே?"

"வெக்கல சார். யாருமே வெக்கல."

 அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"அனுப்பிடலாம்" என்றார்.

ரிசப்ஷன் பெண் பன்னிரண்டாவது டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.